நாய் இருந்தால் வீடு இல்லை!

சென்னை நகரில் நாய் வளர்ப்பவர்களுக்கு வாடகை வீடு கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது.

மயிலாப்பூர், மந்தைவெளி, மாம்பலம் தெருக்களில் "டூ-லெட்" போர்டுக்குப் பஞ்சம் இல்லை. போன் செய்தால் கேள்விகள் வரிசையாக வரும். எத்தனை பேர்? என்ன வேலை? சைவமா, அசைவமா? கடைசியில், "நாய் கீய் ஏதாச்சும் இருக்கா?"

"இருக்கு" என்றால் போச்சு! "அப்புறம் சொல்றேன் சார்" என்று பதில் வரும். அந்த "அப்புறம்" வரவே வராது.

வீட்டுக்காரர் பயம்

வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் காரணம் இருக்கிறது. கதவைப் பிராண்டும், மாடிப்படியை அசிங்கப்படுத்தும், ராத்திரி குரைக்கும், பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று பயப்படுகிறார்கள்.

2024-ம் ஆண்டு மே மாதம் ஆயிரம் விளக்கு பகுதி மாநகராட்சி பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அதைக் கேட்டவர்கள் பயப்படுவதைக் குறை சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் "நாய் வளர்க்கக் கூடாது" என்று தடை போட முடியாது. பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் முடியாது. குரைப்பதைச் சாக்காகச் சொல்லித் துரத்த முடியாது. லிப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது.

2015-ம் ஆண்டு இந்தியப் பிராணிகள் நல வாரியம் இப்படி அறிவித்தது. ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்த வாரியம் இது. அப்படித் தடை போடும் விதிகள் செல்லாது என்று கேரள ஐகோர்ட்டும் 2021-ல் தீர்ப்புச் சொன்னது.

ஓட்டை எங்கே?

இதெல்லாம் சங்கத்துக்குத்தான். வீட்டுக்காரருக்கு அல்ல!

தன் வீட்டை யாருக்கு விடுவது என்பது அவர் இஷ்டம். சொந்த வீட்டில் இருப்பவர் சங்கத்தோடு மல்லுக்கு நிற்கலாம். குடித்தனக்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார். அவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

2019-ல் அமலுக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் நாய் வைத்திருப்பவருக்கு வீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை.

தெருவுக்கு வரும் நாய்

வீடு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? சிலர் ஊருக்கு அனுப்புகிறார்கள். சிலர் தெரிந்தவர்களிடம் விடுகிறார்கள். இரண்டும் முடியாதபோது, வீடு மாறும் நாளில் நாய் தெருவில் நிற்கிறது. வீட்டுச் சோறு தின்ற நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. பசியும் பயமும் சேர்ந்தால் அதுவும் கடிக்கும்.

வளர்த்த பிராணியைக் கைவிடுவது குற்றம். 1960-ம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முதல் தடவை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை!

லைசென்ஸ் இல்லாமல் நாய் வளர்த்தால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று சென்னை மாநகராட்சி 2025-ல் முடிவு செய்தது. வீட்டில் வைத்துச் சோறு போட்டால் 5 ஆயிரம். தெருவில் விட்டுவிட்டுப் போனால் 50! இது என்ன கணக்கு?

என்ன வழி?

நாயை மறைத்துக் குடி வருவது ஆபத்து. இரண்டாம் நாளே குரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு நம்பிக்கையும் போகும், வீடும் போகும்.

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாநகராட்சி லைசென்ஸ், வெறிநாய்த் தடுப்பூசி சான்று இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வீட்டுக்காரரின் பாதி பயம் போகும். கதவு, சுவர் சேதமானால் அட்வான்சில் எவ்வளவு பிடிப்பது என்பதையும் பேசி முடிக்க வேண்டும்.

பேசியதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். "நாய் வைத்துக்கொள்ளச் சம்மதம்" என்று ஒரே ஒரு வரி போதும். வாய்ப்பேச்சை நம்பி வந்தவர், வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டில் இருந்து திரும்பியதும் திண்டாட வேண்டியிருக்கும்.

நாய்க்குச் சிப் பொருத்தச் சொல்லியிருக்கிறது மாநகராட்சி. தெருவில் விடப்பட்ட நாய் யாருடையது என்பது இனி தெரிந்துவிடும். ஆனால் பிடித்த பிறகு 50 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்புவதானால், சிப் எதற்கு? 1960-ல் போட்ட அந்த அபராதத்தை டெல்லி மாற்றாத வரை, வீடு காலியாகும் நாளில் நாயும் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.