பழைய கணிப்பொறியும் புதிய வன்தட்டும்

பத்தாண்டுப் பழமையான கணிப்பொறி மந்தமாகிவிட்டது, விற்றுவிடலாமா என்று அன்பர் சிலர் நம்மை வினவியுள்ளனர். ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டை மட்டும் மாற்றுவதே சிக்கனம் என்பது நம் கருத்து. ஆயினும் சிவாஜிநகரில் பேருந்து ஏறி எஸ்.பி. ரோட்டுக் கடைகளுக்குச் செல்லுமுன், பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

இரயில்வேயில் எழுத்தராய் இருக்கும் நமக்கு இது பாதையின் அகலம் பற்றிய வினாவாகவே தோன்றுகிறது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து நம் கண்டோன்மென்ட் நிலையத்திற்கு வந்தது 1676 மி.மீ. அகலப்பாதை. மைசூருக்குச் சென்றதோ நெடுங்காலம் 1000 மி.மீ. மீட்டர் பாதை. எத்துணை நல்ல வண்டியாயினும் பாதை மாறினால் ஓடாது. மூட்டையுடன் இறங்கி வேறு வண்டி ஏறுவதே வழி.

கணிப்பொறியிலும் அவ்வாறே. 40 ஊசிகளும் அகன்ற பட்டைக் கம்பியும் இருப்பின் அது ஐ.டி.இ. வகை. 2003-இல் வெளிவரத் தொடங்கிய சாட்டா வகைக்கு மெல்லிய கம்பி போதும். பத்தாண்டுப் பழமையான பொறிகளில் பெரும்பாலும் சாட்டாவே இருக்கும். அதில் இன்றைய சாட்டா தட்டைத் தயங்காது பொருத்தலாம். பழைய இணைப்பு எவ்வளவு விரைவைத் தாங்குமோ அவ்வளவுக்கே ஓடும், அவ்வளவே. எம்.2 என்னும் சிறு பலகை மலிவாய்க் கிடைக்கிறதே என்று வாங்கிவிடற்க. பழைய பொறிகள் பலவற்றில் அதற்கு இருக்கையே இல்லை. மடிக்கணினியாயின் தடிப்பையும் அளந்துகொள்க. 7 மி.மீ. இடத்தில் 9.5 மி.மீ. தட்டு நுழையாது.

சுழலும் தட்டு நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. வேண்டிய செய்தி முள்ளின் கீழ் வரும்வரை பொறி காத்திருக்கிறது. மந்தத்திற்குப் பெருங்காரணம் இக்காத்திருப்பே. எஸ்.எஸ்.டி. தட்டில் அசையும் உறுப்பே இல்லை. ஆகவே, கொள்ளளவு குறைந்தாலும் அதையே வாங்குக. 2 டி.பி.க்கு மேற்பட்ட தட்டிலிருந்து பழம்பொறிகள் பல தொடங்கவும் மாட்டா.

பழைய தட்டு ‘டக் டக்’ என ஒலித்தால் விலை விசாரிப்பதை நிறுத்திவிட்டு, உள்ளிருப்பவற்றை அன்றே படியெடுங்கள். ஊரில் மறைந்த பாட்டனாரின் நிழற்படமும் பிள்ளையின் முதல் மழலையும் எந்தக் கடையிலும் கிடையா. படியெடுத்தபின் பழைய தட்டை அப்படியே பழஞ்சாமான் கடையில் போடவும் வேண்டா. அதில் ஆதார் அட்டையின் படமும் வங்கிக் கணக்கும் இருக்கக்கூடும்; முற்றும் அழித்த பின்னரே கொடுங்கள்.