மீன் தப்பிக்கவில்லை, தம்பி

போன மாதம் பேரன் ஓடைப்பட்டிக்கு வந்திருந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. திராட்சைப் பந்தலுக்குக் கீழே கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மாமன் மச்சான் எல்லாரையும் உட்கார வைத்து, செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். கயாக் என்கிற ஒல்லிப் படகில் உட்கார்ந்து, கடலோரத்தில் ஒரு பழைய இறங்குதுறையின் தூண்களை ஒட்டித் தூண்டில் போடுகிறான். மீன் கடிக்கிறது. கோல் வில்லாக வளைகிறது. படகு தானாகத் தூண் பக்கம் நகர்கிறது. ஒரே கூச்சல். பிறகு 'டப்'. கோல் நிமிர்ந்துவிட்டது. இவன் கேமராவைப் பார்த்துச் சிரித்து, இரண்டு கையையும் அகல விரித்து, "இவ்ளோ பெரிய கொடுவா, தப்பிச்சிருச்சு!" என்கிறான்.

எல்லாரும் 'அடடா' என்றார்கள். கடலை இரண்டே தடவை பார்த்திருக்கிற என் மைத்துனர்கூட உச்சுக் கொட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. விருந்துக்கு வந்த பிள்ளையைச் சபையில் வைத்துக் கேட்கக் கூடாது. அங்கே கேட்காததை இங்கே கேட்கிறேன். அவன் இதைப் படிப்பான் என்று தெரியும்.

என் கோபமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். 'மீன் தப்பிச்சிருச்சு.' எழுவாய் மீன். செய்ததெல்லாம் மீன். கோலைப் பிடித்திருந்த ஆள் வாக்கியத்திலேயே இல்லை. இந்த வித்தை எனக்குப் புதிதல்ல. முப்பத்து நான்கு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். 'கோப்பு காணக் கிடைக்கவில்லை' என்று எத்தனை குறிப்பு எழுதியிருப்பேன்! கோப்புக்கு என்ன கால் முளைத்ததா? யாரோ தொலைத்திருப்பார்கள். சில தடவை அந்த யாரோ நானேதான்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் 'நுவாயே ல புவாசோன்' என்று ஒரு வழக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மீனை மூழ்கடிப்பது என்று அர்த்தம். மீன் எப்படி மூழ்கும் என்று நாங்கள் சிரித்தோம். மாட்டிய மீனின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் தூக்கி விட்டு அதைக் களைக்க வைப்பதிலிருந்து வந்த பேச்சாம். இன்றைக்கு அதற்குப் பொருள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேச்சைக் குழப்பி நழுவுவது. 'தப்பிச்சிருச்சு' அந்த ரகம்.

என் வகுப்புத் தோழன் ஒருவன் 'சொல்தா'. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்டான். ஞாயிறு தவறாமல் தூண்டில் போடுகிறவன். அவர்கள் இதற்கு இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். மீன் முள்ளை உதறிவிட்டுப் போனால் 'தெக்ரோஷே'. நரம்பு அறுந்தால் 'காஸ்'. முதலாவதில் மீன் மீனாகப் போகிறது. இரண்டாவதில் வாயில் முள்ளோடும் பின்னால் இழுபடும் நரம்போடும் போகிறது. நாம் இரண்டையும் தப்பித்தல் என்கிறோம்.

பேரன் காட்டியது காஸ். அதுவும் வரும் என்று தெரிந்தே வரவழைத்தது. பாலத்தின் மேலே நின்று தூண்டில் போடுகிறவனுக்குக் கால் ஊன்ற இடம் இருக்கிறது. மீன் இழுத்தால் எதிர்த்து இழுக்கலாம். கயாக்கில் அது கிடையாது. நீ மீனை இழுத்தால் படகு மீனிடம் போகும். மீன் எங்கே ஓடும்? தன் வீட்டுக்கு, அதாவது தூணுக்கு. தூண் முழுக்கக் கொட்டலசும் சிப்பியும், ஒவ்வொன்றும் ஒரு பிளேடு. இந்தக் காலத்துப் பின்னல் நரம்பு இழுவைக்குத் தாங்கும். உரசினால் நூலாகப் பிரிந்து போகும். இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா? தெரியும், அவனே எனக்கு விளக்கினான். "தடிச்ச நரம்பு போட்டா த்ரில் இல்ல தாத்தா" என்றும் சொன்னான். அந்த த்ரில்லுக்கு விலை கொடுப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. 1966, எனக்குப் பதினாறு வயது. புதுச்சேரிக் கடல் பாலம் அப்போது புதிது. (2022 மார்ச்சில் அதில் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்த படத்தைப் பேப்பரில் பார்த்து இங்கே உட்கார்ந்து வெகுநேரம் சும்மா இருந்தேன்.) ஒரு சாயங்காலம் கைத்தூண்டிலில் நல்ல கொடுவா ஒன்று மாட்டியது. தூணைச் சுற்றிக்கொண்டது. விரல் அறுபட்டது, பயந்துபோய்ப் பேனாக்கத்தியால் நரம்பை நானே அறுத்தேன். மறுநாள் வகுப்பில் கையை அகல விரித்துக் காட்டினேன், பேரன் மாதிரியே. மூன்றாம் நாள் கட்டுமரக்காரர் ஒருவர் அதைக் கரையில் கொண்டுவந்து போட்டார். என் தங்கூஸ் நரம்பு தூணில் சுற்றி, அதில் கட்டிப்போட்ட ஆடு மாதிரி கிடந்து செத்திருக்கிறது. பாதியை நண்டு தின்றிருந்தது. "யாரு நரம்புடா தம்பி இது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மீனுக்கு வலிக்காது என்பார்கள். 2003ல் லின் ஸ்னெட்டனும் அவரோடு இருந்தவர்களும் டிரவுட் மீனின் தலையில் வலிக்கான நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். மீனுக்கு அது நமக்கு வலிப்பது போல வலிக்கிறதா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடட்டும். கட்டிப்போட்டால் சாகும் என்பதில் சண்டை இல்லை. முள் துருப்பிடித்து உதிர்ந்துவிடும் என்பார்கள். சாதா முள் உதிரலாம். பேரன் பெட்டியில் பளபளப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

வலைக்காரன் செய்யாததையா நாங்கள் செய்கிறோம் என்பது அடுத்த வாதம். தொலைந்த வலையும் கடலில் கிடந்து மீனைக் கொல்லும்தான், மறுக்கவில்லை. ஆனால் வலை போனால் அவனுக்கு வயிறு போகிறது. இங்கே வைகை அணையில் பரிசலில் போய் வலை விரிக்கிறவர்களைப் போய்ப் பாருங்கள். கிழிந்த வலையை மடியில் போட்டு உட்கார்ந்து முடிச்சுப் போடுகிற முகத்தில் எனக்குச் சிரிப்புத் தெரிந்ததில்லை.

தூண்டிலே போடாதே என்று நான் சொல்லவில்லை. கொடுவாக் குழம்பு எனக்கும் பிடிக்கும். மலையடிவாரத்துக்கு வந்து விட்ட ருசி அது. தூணை ஒட்டிப் போடுவதானால் பாலத்தின் மேலே நின்று தடித்த நரம்பில் போடு. கயாக்கில் போனால் தூணை விட்டு விலகி, மீனுக்கும் தூணுக்கும் நடுவில் நீ இருக்கிற மாதிரி நில். ஓடினால் வெளிக்கடலுக்கு ஓடட்டும். முள்ளில் இருக்கிற எதிர்முள்ளை நசுக்கிவிடு. சில மீன் கழன்று போகும். போகட்டும், அதைத் தாராளமாகத் தப்பித்தது என்று சொல்லிக்கொள், நானும் உச்சுக் கொட்டுகிறேன்.

நேற்று போனில், பொங்கலுக்கு வரும்போது அந்த முள் பெட்டியையும் கொண்டு வா என்றேன். எதற்கு என்று கேட்டான். பந்தலுக்குக் கம்பி முறுக்குகிற குறடு இங்கே சும்மாதான் கிடக்கிறது.