அருகில் விரியும் உலகு

குழந்தையோடு வெளியே செல்வது இன்று ஒரு பெருஞ்செயலாக மாறிவிட்டது. விடுமுறைக்குப் பல வாரங்கள் முன்பே ஊர் தேர்ந்தெடுக்கப்படுகிறது; தங்கும் அறைக்கு முன்பதிவு செய்யப்படுகிறது; காலை எழுவது முதல் இரவு உறங்குவது வரை காணவேண்டிய இடங்கள் மணிக்கணக்கில் வரிசைப்படுத்தப்படுகின்றன. அவ்வரிசையில் ஓரிடம் விடுபட்டாலும் பயணம் குறைபட்டதாகப் பெற்றோர் வருந்துகின்றனர். ஊர் திரும்பிய நான்கு வயதுக் குழந்தையிடம் கண்டது என்ன என்று கேட்டால், அது மலையைப் பற்றியோ மாளிகையைப் பற்றியோ பேசுவது அரிது. வழியில் துள்ளிய ஆட்டுக்குட்டியையும் விடுதிப் படிக்கட்டில் படுத்திருந்த பூனையையும் பற்றியே அது பேசும். பெரியவர்கள் காட்ட விரும்பியது ஒன்று. குழந்தை கண்டது வேறொன்று. இவ்வேறுபாடு எண்ணிப் பார்க்கத் தக்கது.

பெரியவருக்குச் சாலை என்பது ஓரிடத்தை அடைவதற்கான வழி. குழந்தைக்கோ சாலையே அடைந்துவிட்ட இடம். வீட்டிலிருந்து ஏரிக்கரைக்குப் பெரியவர் பத்து நிமிடத்தில் நடந்துவிடுவார். மூன்று வயதுக் குழந்தையுடன் சென்றால் அதே வழிக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். தொட்டதும் இலை மூடும் தொட்டாற்சுருங்கியை அது மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்க்கும். மழை ஓய்ந்த மண்ணில் ஊர்ந்து செல்லும் மரவட்டை, தீண்டியவுடன் ஏன் சுருண்டுகொள்கிறது என்று கேட்கும். கடற்கரைக்குச் சென்றாலோ, சிறு நண்டு தன் வளையைச் சுற்றி இட்டு வைத்திருக்கும் மணலுருண்டைகளின் அருகிலேயே அமர்ந்துவிடும். இவ்வாறு நிற்பதும் அமர்வதும் வீண்பொழுது ஆகா. கேள்வி பிறக்கும் இடம் அது. கேள்விக்கு விடையாக ஒரு சொல் கிடைக்கும் இடமும் அதுவே. கொக்கு, நாரை, நீர்க்காகம் என்னும் பெயர்களைப் படத்தைப் பார்த்தும் கற்கலாம். ஆனால், நீருள் மூழ்கி எழுந்த பறவையொன்று கரையோரக் கிளையில் அமர்ந்து சிறகை விரித்து உலர்த்துவதை நேரில் கண்ட குழந்தைக்கு, நீர்க்காகம் என்னும் சொல் எளிதில் மறப்பதில்லை.

இத்தகைய எளிய உலாவைத் தமிழர் வாழ்வு நெடுங்காலமாக அறிந்தே வந்துள்ளது. ஆடித் திங்கள் பதினெட்டாம் நாளில், காவிரிக்கரை ஊர்களின் குடும்பங்கள் புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு எனக் கட்டி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையில் கூடுகின்றன. தஞ்சை வட்டாரச் சிறுவர்கள் மரத்தாலான சிறு சப்பரங்களை இழுத்து மகிழ்வர். பொங்கல் விழாவின் நிறைவான காணும் பொங்கலன்று கடற்கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் மக்கள் திரள்கின்றனர். சென்னை மெரினா கடற்கரை அன்று குடும்பங்களால் நிறைந்துவிடுகிறது. இவற்றில் முன்னரே குறிக்கப்பட்டது நாள் மட்டுமே. உண்டு முடித்த சிறார் என்ன விளையாட வேண்டும் என்று எவரும் வகுத்துரைப்பதில்லை. மணலும் நீரும் மரநிழலும் அதனை முடிவு செய்கின்றன. குழந்தையின் விளையாட்டைப் பாடுபொருளாகவும் கொண்டது தமிழ்மரபு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் அம்புலிப் பருவம் நிலவைக் குழந்தையுடன் விளையாட அழைக்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் சிறுதேர்ப் பருவம் குழந்தை சிறுதேர் உருட்டும் அழகைப் பாடுகிறது. முற்றத்தில் தெரியும் நிலவும் தெருவில் உருளும் தேருமே அங்குப் பெருஞ்செல்வங்கள்.

திட்டமிடாத உலாவில் குழந்தை பெறும் பெரும்பேறு, அவசரமில்லாத பெரியவர் ஒருவரின் துணையாகும். நிகழ்ச்சிநிரலோடு செல்லும் பயணத்தில் குழந்தை அடிக்கடி கேட்கும் சொற்கள், ‘நேரமாகிறது, விரைந்து வா’ என்பனவே. அது குனிந்து எதையோ பார்க்கும்போது கைபிடித்து இழுக்கப்படுகிறது. சிரிக்க விரும்பாதபோது ஒளிப்படத்திற்காகச் சிரிக்கச் சொல்லப்படுகிறது. பார்க்கவேண்டிய இடம் என்று எதுவும் இல்லாத மாலையில் இந்நெருக்கடி இல்லை. தந்தை கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு மணலில் அமர்கிறார். பட்டாணிச் சுண்டல் பொட்டலம் ஒன்று கைமாறுகிறது. பேச்சு தானாகத் தொடங்குகிறது. பள்ளியில் நிகழ்ந்த சிறு துன்பத்தையும் மனத்துள் ஒளித்துவைத்த அச்சத்தையும் குழந்தை இத்தகைய வேளையில்தான் சொல்லத் தொடங்கும். கேட்பவருக்கு நேரம் இருக்கிறது என்று உணர்ந்தபின்னரே குழந்தை மனம் திறக்கிறது.

திட்டமில்லாமை பொறுப்பின்மை ஆகிவிடாதா என்று சிலர் வினவலாம். மகிழ்ச்சிக்குத் திட்டம் வேண்டியதில்லை. பாதுகாப்புக்குத் திட்டம் கட்டாயம் வேண்டும். குடிநீர், தொப்பி, மாற்றுடை ஆகியவற்றை மறத்தலாகாது. கோடையின் நண்பகல் வெயிலைத் தவிர்க்க வேண்டும். நீர்நிலையருகில் குழந்தை கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும். அணை திறந்தால் ஆற்றின் நீர்மட்டம் விரைவில் உயரும். மெரினா போன்ற கடற்கரைகளில் அலை காலை இழுக்கும். இவற்றை அறிந்து எச்சரிக்கையாக இருப்பது பெரியவர் கடமை. மற்றொன்றும் கருதத்தக்கது. குடும்பம் மகிழ்வதற்காகத் தாய் மட்டும் விடியுமுன் எழுந்து சமைத்து, பை சுமந்து, திரும்பியதும் பாத்திரம் துலக்குவாராயின், அந்த உலா அவருக்கு மற்றொரு வேலைநாளே ஆகும். உணவு எளிதாக இருக்கட்டும். வேலையை அனைவரும் பகிர்ந்துகொள்ளட்டும். அப்போதுதான் அது குடும்பத்தின் உலா என்னும் பெயருக்குப் பொருந்தும்.

இதனினும் வலிய தடை ஒன்று உண்டு. நினைத்தவுடன் செல்வதற்கு அருகில் ஓரிடம் இருக்க வேண்டும். நெருக்கமான நகர்ப்பகுதியில் ஒற்றை அறையில் வாழும் குடும்பத்திற்கு அது எளிதன்று. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருப்பினும், அவற்றுள் பல ஆக்கிரமிப்பாலும் கழிவுநீராலும் தம் இயல்பை இழந்துள்ளன. நடைபாதைகளைக் கடைகளும் வாகனங்களும் பிடித்துக்கொள்ளும்போது குழந்தையின் கைபிடித்து நடப்பதே இடர்மிகுந்த செயலாகிறது. 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமைகளாகக் கூறுகிறது. இந்தியா 1992ஆம் ஆண்டு அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. எனவே, தெருமுனைப் பூங்காவும் தூய ஏரிக்கரையும் நடக்கத்தக்க நடைபாதையும் குழந்தைகளுக்கு உரியவை; அவற்றைக் காப்பது அரசும் ஊராரும் சேர்ந்து ஆற்றவேண்டிய கடமை. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். கைக்குழந்தையுடன் கடற்கரைக்கோ பூங்காவுக்கோ செல்ல விரும்பும் ஏழைத் தாய்க்கு இது திறந்த கதவு. பொதுவசதி ஒன்று பெருகும்போது குடும்பத்தின் மகிழ்ச்சியும் பெருகும் என்பதற்கு இது சான்று.

பெருஞ்செலவில் செல்லும் நெடும்பயணங்கள் வேண்டா என்பது இதன் பொருளன்று. அவற்றுக்கு வாய்ப்பும் காலமும் உண்டு. ஆனால், அவற்றுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களில் குழந்தைப் பருவம் காத்திருப்பதில்லை. ஐந்து வயதில் மரவட்டையின் முன் குந்தியமரும் குழந்தை, பதினைந்து வயதில் அவ்வாறு அமர்வதில்லை. வீட்டில் தம்பியோ தங்கையோ உள்ள மேல்நிலை மாணவர், பெற்றோரின் விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வெயில் தாழ்ந்த ஒரு மாலையில் வீட்டாரிடம் சொல்லிவிட்டு, அச்சிறு கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து வரலாம். எங்கே நிற்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்.