காடி வைத்தியம்: தண்ணீர் எங்கே போகிறது?



போன மாதம் காம்பாருக்கு அடுத்த ஒரு தோட்டத்திலிருந்து பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். இளம் வயதிலே பால்மரம் வெட்டியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் அதே தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். அவருடைய காடி 1990-ஆம் ஆண்டுப் புரோட்டோன் சாகா. ஓடிய கணக்கு மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வாரம் மூன்று நாள் மனைவியை டயாலிசிஸ் சிகிச்சைக்கு ஈப்போவுக்குக் கொண்டு போவது அந்தக் காடியில்தான்.

"தம்பி, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ரேடியேட்டர்லே தண்ணி ஊத்தறேன். எங்கேயும் ஒழுகற மாதிரி தெரியலே. பட்டறையிலே கேட்டா, 'எஞ்சின் ஹெட் போச்சு, வேற எஞ்சின்தான் போடணும்'னு சொல்லி 2,000 வெள்ளிக்கு மேலே கேக்கறாங்க. நான் எங்கே போவேன்? அவளைப் பஸ்ஸிலே ஏத்தி இறக்க முடியுமா?"

"எஞ்சினை அப்புறம் பார்ப்போம் அண்ணே. எங்கே போகும்போது சூடேறுது, அதைச் சொல்லுங்க" என்றேன்.

"கோப்பேங் தாண்டி ஓடற வரைக்கும் ஊசி பாதிக்கும் கீழேதான் நிக்குது. ஈப்போ டவுன்லே சமிக்ஞை விளக்குலே நின்னா ஏறுது. மறுபடி ஓட ஆரம்பிச்சா இறங்கிடுது."

நோயாளி வாய் திறந்து சொன்னால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்தது. காடி ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். நிற்கும்போது அந்த வேலையைக் காற்றாடிதான் செய்ய வேண்டும். ஆகவே நின்றால் மட்டும் சூடேறும் காடியில் முதலில் காற்றாடியைச் சந்தேகிக்க வேண்டும். மாறாக, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவதைப் போன்ற நீண்ட ஏற்றத்தில் சூடேறினால், அடைத்துப்போன ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்த நேரத்தில் மூடியைத் திறந்தோம். சூடாக இருக்கும்போது இதை யாரும் செய்யக்கூடாது. மூடி அழுத்திப் பிடிப்பதால்தான் உள்ளே தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த மாத்திரத்தில் கொதித்துச் சீறி முகத்தை வேகவைத்துவிடும்.

ரேடியேட்டரில் தண்ணீர் நான்கு விரல் குறைந்திருந்தது. பக்கத்திலிருந்த போத்தலோ வாய்வரை நிறைந்திருந்தது. "போத்தல் எப்பவும் நிறைஞ்சுதான் இருக்கும், தம்பி" என்று பெருமையாகச் சொன்னார் பெரியவர். குற்றவாளி அகப்பட்டது அங்கேதான்.

தண்ணீர் சூடானால் பெருகும். மிஞ்சியது மூடியின் வழியாகப் போத்தலுக்குப் போகும். எஞ்சின் ஆறியதும் அதே தண்ணீரை ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மூடியின் அடியிலுள்ள ரப்பர் வெடித்துவிட்டால் தண்ணீர் போகும், திரும்பி வராது. அடுத்த முறை கொதிக்கும்போது நிறைந்த போத்தல் வழிந்து தரையில் கொட்டும். பெரியவர் மனைவியோடு மருத்துவமனைக்குள் இருந்த நேரத்தில் வெளியே அது கொட்டிக் காய்ந்திருக்கிறது. பிறகு அவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஆனாலும் பட்டறைக்காரர் சொன்னதை அடியோடு தள்ளிவிட முடியாது. ஒழுக்கே தெரியாமல் தண்ணீர் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிப்பது நியாயமே. இந்த எஞ்சினின் அடிப்பகுதி இரும்பு, தலைப்பகுதி அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அடிக்கடி கொதித்தால் தலை வளைந்து கேஸ்கெட் போய்விடும். சோதிக்காமலே தீர்ப்புச் சொன்னதுதான் தவறு.

நாங்கள் சோதித்தோம். எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தோம். எண்ணெய் பால்போல் வெளுக்கவில்லை. தண்ணீரை நிரப்பி, மூடி போடாமல் குளிர்ந்த எஞ்சினை முடுக்கினோம். குமிழிகள் விடாமல் கிளம்பவில்லை. நிறுத்தி, மூடியைப் போட்டு மறுபடி முடுக்கி, மேல் ரப்பர் குழாயை அமுக்கினோம். சூடேறும் முன்பே அது விறைக்கவில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை தொடர்ந்து வரவில்லை. இவற்றில் ஒன்று தென்பட்டிருந்தாலும் பட்டறைக்கே திரும்பப் போகச் சொல்லியிருப்பேன். அங்கே நீல நிற மருந்து ஒன்றை வைத்துச் சோதிப்பார்கள். எரிந்த புகை தண்ணீரில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். எஞ்சினை மாற்றச் சொல்பவரிடம் இந்தச் சோதனையைக் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு.

அடுத்தது காற்றாடி. எஞ்சினை ஓடவிட்டு நின்றோம். ஊசி பாதியைத் தாண்டியும் காற்றாடி அசையவில்லை. ரேடியேட்டரிலுள்ள சூட்டு சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றிச் சிறு ஒயர்த் துண்டால் இணைத்தேன். உடனே சுழன்றது! காற்றாடி நல்லது, சுவிட்சுதான் செத்துப்போயிருக்கிறது. (இதைச் செய்யும்போது கையும் சட்டையும் காற்றாடிக்கு எட்டத்தில் இருக்கட்டும்.)

இன்னொரு முடிச்சு மிச்சமிருந்தது. ஓடும்போது ஊசி பாதிக்கும் கீழே நின்றது ஏன்? திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டே இல்லை. முன்பு யாரோ ஒரு ஃபோர்மன், "நம்ம ஊர் வெயிலுக்கு இது வேணாம்" என்று கழற்றி எறிந்திருக்கிறார். இது நம்மிடையே ஊறிப்போன தவறான எண்ணம். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராவிட்டால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், உள்ளே தேய்மானமும் அதிகமாகும்.

புதிய தெர்மோஸ்டாட் வாங்கினால் வீட்டிலேயே சோதிக்கலாம். பழைய தகர டின்னில் தண்ணீர் ஊற்றி, அதில் போட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிக்கும் முன்பே அது வாய் திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். கொதித்தும் திறக்காததை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூடி, சுவிட்ச், தெர்மோஸ்டாட், கூலண்ட் எல்லாம் சேர்த்தும், பட்டறையில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

தாய்மார்களுக்கும் இரண்டு சொல். கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த இடம். குன்றோரத்து ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சிப் பாருங்கள், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ஆகவே காய்ச்சி வடித்த தண்ணீரையும் கூலண்டையும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் ஆகும், ஆனால் அதையே வழக்கமாக்கக் கூடாது. கூலண்ட் இனிக்கும் நஞ்சு. பிள்ளைகளும் நாய் பூனைகளும் நக்கிவிடாமல் உயரத்தில் வையுங்கள்.

இன்னும் ஒன்று. கொதித்துக்கொண்டிருந்த காடியின் ஊசி திடீரென்று இறங்கினால் ஆறிவிட்டதென்று மகிழாதீர்கள். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் சூட்டை அளக்கும் கருவி நனையாமல் பொய் சொல்லும். உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

சாகா என்ற பெயர், நம் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் ஆனைக்குன்றிமணியின் மலாய்ப் பெயர். 1985-இல் வெளிவந்த இந்தக் காடி, சொந்தக் காடி என்பதைப் பல தோட்டக் குடும்பங்களுக்கு முதன்முதலாகக் காட்டியது. அதைக் காப்பாற்றப் பெரிய படிப்பு வேண்டாம். வாரம் ஒருநாள், காலையில் பசியாறும் முன்பு, குளிர்ந்த எஞ்சினின் மூடியைத் திறந்து பாருங்கள். போத்தலை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

நேற்றுப் பெரியவரைக் காம்பார் பாசாரில் பார்த்தேன். "மூணு வாரமாச்சு தம்பி, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலே" என்றார். பக்கத்தில் நின்ற அம்மா ஒரு பை நிறைய முருங்கைக்காயை என் கையில் திணித்தார். வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.