விசைப்பலகைப் பழுதும் பாடப் பிழையும்

முன்னுரை

தமிழாய்வுக்குரிய மூலங்கள் இன்று பெரும்பாலும் கணினிக் கோப்புகளாகவே ஆய்வாளர் கைக்கு வருகின்றன. சொல்லடைவு, தொடரடைவு, சொல்லெண்ணிக்கை ஆகியன அக்கோப்புகளை நம்பியே அமைகின்றன. அவை எந்த விசைப்பலகை முறையில் உள்ளிடப்பட்டன என்பதை நாம் வினவுவதில்லை. விசைப்பலகை பழுதுபடின் அதனைத் தொழில்நுட்பர் பணியென ஒதுக்கிவிடுகிறோம். அப்பழுதை ஆராய்தல் மூலபாட ஆய்வின் ஒரு கூறே என்பது இக்கட்டுரையின் கருத்து.

பட்டறிவு

இவ்வாய்வாளர் குறுந்தொகைக்குச் சொல்லடைவு உருவாக்கும் பொருட்டு லினக்ஸ் இயங்குதளத்தில் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்துவந்தார். அங்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டுச் செயலி விசைகளைப் பெற, எம்17என் என்னும் நூலகம் அவற்றைத் தமிழாக்குகிறது. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளை அழுத்தின் ‘அம்மா’ என வரும். முதல் மகரத்திற்குப் புள்ளி தானே அமையும்.

இயங்குதளத்தைப் புதுப்பித்தபின் ஐபஸ் இயங்கவில்லை. பணி தடைபடாதிருக்க, கணினியின் அமைப்புகளில் இருந்த ‘இன்ஸ்கிரிப்ட்’ வகைத் தமிழ்ப் பலகையைத் தேர்ந்து தொடர்ந்தார். அது எக்ஸ்கேபி என்னும் அடித்தள அமைப்பைச் சார்ந்தது. அழுத்திய விசைக்குரிய குறியைத் தருமேயன்றி, முன்னர் வந்த எழுத்தை நோக்கி எதனையும் இணைக்காது. அதில் ஒகர, ஓகர உயிர்மெய்க் குறிகளுக்குத் தனி விசைகள் உள்ளன. அதனை அறியாமல் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே இட்டார். திரையில் வேறுபாடு தோன்றவில்லை. பின்னர்த் தாம் எழுதிய நிரலைக் கொண்டு ‘தோழி’ என்னும் சொல்லைத் தேடியபோது, அச்சொல் கண்முன் நிற்கும் பாடல்கள் சில விடைப்பட்டியலில் இல்லை.

காரணம் எளிது. தனிக்குறியால் இட்ட ‘தோழி’ ஒருங்குறியில் நான்கு குறியீடுகள். பிரித்து இட்ட ‘தோழி’ ஐந்து. இரண்டும் நிகரானவை என ஒருங்குறி வரையறுத்திருப்பினும், குறியீடுகளை உள்ளவாறே ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

பழுதறியும் முறை

பழுது எந்த அடுக்கில் உள்ளது என்பதை முதலில் துணிதல் வேண்டும். எந்தச் செயலியிலும் தமிழ் வாராவிடின், ஐபஸ் இயங்குகிறதா, எம்17என் தொகுப்பு நிறுவப்பட்டுள்ளதா, உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99 சேர்க்கப்பட்டுள்ளதா என நோக்குக. ஒரு செயலியில் வந்து மற்றொன்றில் வாராவிடின், அச்செயலியை ஐபஸோடு இணைக்கும் சூழல் மாறிகளைச் சரிபார்த்து, கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைக. எழுத்துகள் மாறி வரின், அடித்தளப் பலகை ஆங்கிலமாக உள்ளதா எனக் காண்க. தமிழ்99 விதிகள் ஆங்கில விசைகளையே எதிர்நோக்குவன. கட்டங்கள் தோன்றினாலோ கொம்பு இடம்மாறி நின்றாலோ குறை பெரும்பாலும் எழுத்துருவில் உள்ளது. விசைப்பலகையை மாற்றிப் பயனில்லை.

தமிழாய்வாளரின் பொறுப்பு

இவற்றைத் தொழில்நுட்பரே செய்யலாமே என வினவலாம். செய்யலாம்; ஆனால் திரையில் தமிழ் தோன்றியதும் அவர் பணி முடிந்துவிடுகிறது. பழுதான நாள்களில் உள்ளிட்ட பாடம் அவ்வாறே நிற்கும். பிரிந்த ஒகர, ஓகரக் குறிகளை என்.எஃப்.சி. என்னும் இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும். பைத்தான் மொழியில் அதற்கு ஒரு வரியே போதும். ஔகாரக் குறிக்கு மாற்றாக ளகர எழுத்தையே இட்டிருப்பின் அம்முறை உதவாது. அகப்பாடல்களில் அலரைச் சுட்டும் ‘கௌவை’, ‘கெளவை’ எனப் பதிவாகியிருக்கும். ளகரத்தை எங்கும் ஒருசேர மாற்றினால் ‘கெளிறு’ என்னும் மீன்பெயர் சிதையும். எது ஔகாரம், எது ளகரம் எனத் துணிய மொழியறிவு வேண்டும்.

ஓலைச்சுவடிகளில் துணைக்காலும் ரகரமும் ஒத்த வடிவில் நின்றன. பதிப்பாசிரியர்கள் பொருளும் யாப்பும் நோக்கி உண்மைப் பாடத்தைத் துணிந்தனர். அங்கு ஒரு வடிவம் இரு எழுத்துகளாக மயங்கியது. இங்கு ஒரே எழுத்து இருவகைக் குறியீடுகளாகப் பிரிகிறது. முன்னையது கண்ணுக்குப் புலப்பட்ட மயக்கம். பின்னையதைக் கண் காணாது. ஆதலின் இங்குக் கூடுதல் விழிப்பு வேண்டும்.

நிறைவாக

ஆய்வேட்டுடன் மூலக் கோப்பை அளிப்போர், பயன்படுத்திய உள்ளீட்டு முறையையும் இயல்பாக்கம் செய்யப்பட்டதா என்பதையும் ஒரு வரியில் குறித்தல் வேண்டும். ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் விசைப்பலகை அமைப்புக்கும் பழுதறிதலுக்கும் இரண்டு வகுப்புகளேனும் ஒதுக்குதல் நலம். ‘இச்சொல் இந்நூலில் இல்லை’ என முடிவுரைக்கும் முன், கோப்பில் அச்சொல் எவ்வாறு பதிவாகியுள்ளது என்பதை நோக்குதல் ஆய்வாளர் கடன். இவ்வாய்வாளர் தம் சொல்லடைவை முதலிலிருந்து மீண்டும் எண்ண வேண்டியதாயிற்று. அந்த எண்ணிக்கை முன்னரே ஆய்வேட்டில் ஏறியிருப்பின், அதனைப் பிழையென எவரும் ஐயுற்றிருக்க வாய்ப்பில்லை.