நெருப்புக்குத் தப்பியவர்கள்

விருதுநகரை அடுத்த சூலக்கரையிலிருந்து சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி என்று விரிந்து கிடக்கும் இந்தக் கரிசல் பூமியில் பட்டாசு ஆலை விபத்து நேரும்போதெல்லாம், மாண்டவர் தொகையை அன்று மாலைக்குள் அறிந்துகொள்கிறோம், நிவாரணம் அறிவிக்கப்படுகிறது, ஆலையின் உரிமம் ரத்தாகிறது. ஆனால் உயிரோடு மீட்கப்பட்டு, சிவகாசி அரசு மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளி, பத்து நாள் கழித்துத் தீக்காய வார்டில் பிராணனை விடும்போது, 'சிகிச்சை பலனின்றி இறந்தார்' என்ற ஒற்றை வரியோடு அவர் கதையை முடித்துவிடுகிறோம். சிகிச்சை ஏன் பலனளிக்கவில்லை என்று கேட்பது, விபத்து ஏன் நேர்ந்தது என்று கேட்பதற்கு எவ்விதத்திலும் குறையாத கடமை என்று நான் கருதுகிறேன்.

முதல் சில நாட்களின் அதிர்ச்சியைத் தாண்டிப் பிழைத்தவர்களைப் பிற்பாடு கொண்டுபோவது பெரும்பாலும் கிருமிதான். தேகத்தைக் காக்கும் தோல் அழிந்தபின், கருகிய சதையில் சூடோமோனாஸ், அசினிடோபாக்டர், கிளெப்சியெல்லா முதலிய பாக்டீரியாக்கள் எளிதில் குடியேறி, இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தையும் நுரையீரலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழக்கச் செய்கின்றன. மருத்துவமனைகளில் வாழப் பழகிய இக்கிருமிகள் பல ஆன்டிபயாட்டிக் மருந்துகளை எதிர்த்து நிற்கும் சக்தியையும் பெற்றுவிட்டன. 2010-இல் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும், பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்துத் திமதி வால்ஷும், அவர்களுடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி, கடைசிப் புகலாக வைத்திருந்த கார்பாபெனம் வகை மருந்துகளையே சிதைக்கும் என்.டி.எம்.-1 என்னும் நொதியைச் சென்னையில் எடுத்த 44 கிருமி மாதிரிகளில் கண்டு சொல்லியது. 2012 ஆகஸ்டில் மருத்துவ நிபுணர்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கான 'சென்னைப் பிரகடன'த்தை வகுத்தார்கள். அடுத்த மாதம் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்து நிகழ்ந்தது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தமுடையவை என்று நாம் அன்றும் எண்ணவில்லை, இன்றும் எண்ணுவதில்லை.

இரத்தத்தில் கலந்த கிருமி எது, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை நிச்சயிக்க இரத்தக் கல்ச்சர் பரிசோதனையே அடிப்படை. அதன் விடை வர இரண்டு மூன்று நாட்கள் ஆகுமே, உயிருக்குப் போராடுபவர் அதுவரை காத்திருப்பாரா என்று சிலர் கேட்கலாம். காத்திருக்க வேண்டியதே இல்லை. முதல் ஊசிக்குச் சற்று முன்பாக, இரண்டு இடங்களில் போதிய அளவு இரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, அந்த மணி நேரத்திலேயே மருந்தைத் தொடங்கலாம். விடை வந்தபின் அதற்கேற்ப மாற்றலாம். மருந்தை ஏற்றிய பிறகு இரத்தம் எடுத்தாலோ, உடலில் அழியாத கிருமியும் ஆய்வுக் குப்பியில் வளராமற் போய், மருத்துவரைத் தொடர்ந்து இருளிலேயே நிறுத்திவிடக்கூடும்.

ஆய்வறிக்கை கட்டுப்படும் என்று கூறிய மருந்தும் தோற்பதுண்டு. கடும் தீக்காயத்துக்குப் பின் உடலின் திசுக்களில் நீர் மிகுந்து சேர்வதாலும், பல நோயாளிகளில் சிறுநீரகம் மருந்தை விரைந்து வெளியேற்றுவதாலும், மற்றவர்களுக்குப் போதுமான அளவு இவர்களுக்குப் போதாமற் போகிறது. பல தேசங்களில் நடந்து 2018-இல் வெளியான மெரினோ என்ற ஆய்வில், செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத கிருமி இரத்தத்தில் கலந்தவர்களுள், ஆய்வுக்கூடம் தகுந்ததென்று சொன்ன பிப்பராசிலின்-டாசோபாக்டம் பெற்றவர்களில் 12.3 சதவீதத்தினரும், மெரோபெனம் பெற்றவர்களில் 3.7 சதவீதத்தினரும் முப்பது நாட்களுக்குள் இறந்தார்கள். ஆகையால் அறிக்கையைக் காகிதத்தில் அனுப்பினால் மட்டும் போதாது. நுண்ணுயிரியல் நிபுணரும் சிகிச்சை செய்யும் மருத்துவரும் நோயாளியின் கட்டிலருகே சேர்ந்து நின்று யோசிக்க வேண்டும்.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடம், மாவட்டத்து அரசு மருத்துவமனைகள் அனைத்திலிருந்தும், ஞாயிறென்றும் இரவென்றும் பாராமல், இரத்த மாதிரிகளை ஏற்க வேண்டும். எந்தக் கிருமி எம்மருந்துக்கு எவ்வளவு கட்டுப்படுகிறது என்ற விவரத்தை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும். வார்டுகளில் கைகழுவும் ஒழுங்கைக் கண்டிப்பாகக் காப்பாற்ற வேண்டும்; ஒருவர் காயத்திலிருந்து அடுத்தவர் காயத்துக்குக் கிருமியைக் கொண்டுசெல்வதில் கைகளுக்கே பெரும் பங்கு உண்டு. 2014 மார்ச் முதல் அமலில் இருக்கும் எச்-1 அட்டவணையை மருந்துக் கடைகள் மதித்து, அதிலுள்ள ஆன்டிபயாட்டிக்குகளைச் சீட்டின்றி விற்காதிருக்க வேண்டும். ஜலதோஷத்துக்கு அவற்றைக் கேட்டு வாங்கும் வழக்கத்தை நாமும் விட வேண்டும்.

இவற்றுக்குப் பணம் வேண்டும். வெடிமருந்தோடு உழைப்பவர்களைக் கொண்டே நடைபெறும் தொழிலில், தீக்காயம் எங்கோ எப்போதோ நேரும் தற்செயல் அன்று. ஆகவே ஆலை அதிபர்களும் அரசும் இந்தப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு, காயமுற்ற தொழிலாளியின் இரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவைத் தருமக் கணக்கில் எழுதாமல், பட்டாசின் உற்பத்திச் செலவிலேயே சேர்த்து எழுத வேண்டும்.