நடுவில் காணாமற்போன முந்நூறு ஆண்டுகள்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் பங்குகள்தோறும் வழிகாட்டல் கூட்டங்கள் நடைபெறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கந்தான். அத்தகைய கூட்டம் ஒன்றில் ஒரு மாணவி எழுந்து, “நான் இலக்கியம் படிக்கப் போகிறேன். சார்புப் பாடமாக எதை எடுத்தால் இலக்கியம் இன்னும் நன்றாக விளங்கும்?” என்று கேட்டாள். மேடையில் இருந்தவர் சற்றும் தயங்காமல், “இலக்கியம் எடுப்பதே ஒரு பிழை. சார்புப் பாடத்திலாவது பிழைக்கும் வழியைப் பாரம்மா” என்றார். அரங்கம் சிரித்தது. அந்தப் பெண் அமர்ந்துவிட்டாள். அச்சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். வீடு திரும்பும் வழியில்தான் அவள் கேட்ட கேள்வி எத்துணைச் சரியானது என்பதும், அதற்கு எவரும் விடை கூறவில்லை என்பதும் உறைத்தன. காலம் கடந்தேனும் அவ்விடையைக் கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதன்மைப் பாடத்தோடு சார்புப் பாடம் ஒன்றையும் படிப்பது நம் கல்லூரிகளுக்குப் புதிதன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட வரைவும் துணைநிலைப் பாடம் ஒன்றைத் தேர்ந்துகொள்ள இடமளிக்கின்றது. ஏற்பாடு இருக்கின்றது, அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி. இலக்கிய மாணவர் எவரும், தமிழாயினும் ஆங்கிலமாயினும், சார்புப் பாடமாகத் தொடக்க நவீன காலத்தை, அதாவது ஏறத்தாழ 1500 முதல் 1800 வரையிலான முந்நூறு ஆண்டுகளை, எடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதிலும் நம் மண்ணின் முந்நூறு ஆண்டுகளைப் படிக்க வேண்டும். அப்படியொரு பாடம் கல்லூரியில் இல்லையெனில், அதைக் கேட்டுப் பெறவேண்டும்.

இப்போதைய நிலை என்ன? ஆங்கில இலக்கியம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இங்கிலாந்தின் சமூக வரலாறு நெடுங்காலமாகச் சார்புப் பாடமாக இருந்து வருகின்றது. நாகர்கோவிலிலும் பாளையங்கோட்டையிலும் திருச்சியிலும் இருந்துகொண்டு டியூடர் மன்னர்களின் வரிசையை ஒப்புவிக்கிறார்கள். அங்கே மேய்ச்சல் நிலங்கள் வேலியிடப்பட்டதையும், மடங்கள் மூடப்பட்டதையும், அச்சுக்கூடம் வந்ததையும் அறிந்திருக்கிறார்கள். அதில் குறை காண்பதற்கில்லை. நூல் பிறந்த காலத்தை அறியாமல் நூலை அறிய இயலாது என்ற உண்மையை ஆங்கிலத் துறை ஒப்புக்கொண்டிருப்பதற்கு அதுவே சான்று.

ஆனால் 1578இல் சேக்சுபியர் பதினான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோது, கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது என்பதை அதே மாணவரிடம் எவர் கூறுகிறார்? 1606இல் இலண்டன் அரண்மனையில் ‘லியர் மன்னன்’ நடிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார். சேக்சுபியரின் நாடகத் தொகுப்பு அச்சில் வந்த 1623ஆம் ஆண்டே திருமலை நாயக்கர் அரசுகட்டில் ஏறிய ஆண்டு. ஒரே காலத்தின் இரு கரைகள் இவை. ஒரு கரையை நம் பிள்ளைகள் அடிக்கு அடி அறிவார்கள். தாம் பிறந்த கரையை அறியார்கள். இதை அடிமைப் புத்தி என்று சிலர் சொல்லக்கூடும். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். ஆனால் அரைகுறைக் கல்வி என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

தமிழ்த் துறையின் நிலை இதைவிட மேலானது என்று எண்ணிவிட வேண்டா. சங்க காலம் பொற்காலம், நாயக்கர் காலம் சிற்றிலக்கியக் காலம், ஆகவே வீழ்ச்சிக் காலம் என்று ஒரு வாய்பாடு வகுப்பறைகளில் வழங்கி வருகின்றது. இவ்வாய்பாடு எங்கிருந்து வந்தது? உ.வே.சாமிநாதையர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாளில் அந்தாதியும் பிள்ளைத்தமிழும் உலாவும் கோவையும் தலபுராணமுமே உயர்கல்வியாக இருந்தன. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தபின் அவர் சீவக சிந்தாமணியின் பக்கம் திரும்பியதும், 1887இல் அந்நூலைப் பதிப்பித்ததும், தொடர்ந்து பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் வெளிவந்ததும் தமிழர் அனைவரும் நன்றியோடு நினைக்க வேண்டிய நிகழ்ச்சிகள். ஆனால் பழையன மீண்டு வந்த மகிழ்ச்சியில், அதுவரை கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டோம். மீண்டும் எடுக்க மறந்தோம். பின்னர் அம்மறதிக்கு ‘வீழ்ச்சி’ என்று பெயரிட்டுக்கொண்டோம்.

வீழ்ச்சியடைந்த காலமா அது? குமரகுருபரரும் சிவப்பிரகாசரும் தாயுமானவரும் வாழ்ந்த காலம். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடிய காலம். வைத்தியநாத தேசிகர் இலக்கண விளக்கம் இயற்றிய காலம். 1726இல் வீரமாமுனிவர் 3615 பாடல்களில் தேம்பாவணியை நிறைவு செய்ததும், 1732இல் நிகண்டின் செய்யுள் முறையை விட்டுச் சொற்களை அகர வரிசையில் அடுக்கிச் சதுரகராதி தந்ததும் அக்காலத்தில்தான். தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு இரண்டே ஆண்டுகளில் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் எழுதினார். சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒரே மொழியில், ஒரே யாப்பில், ஒருவர் குரலை ஒருவர் கேட்கும் தொலைவிலிருந்து பாடிய காலம் அது.

இலக்கியத்தை மட்டும் படித்தால் போதாதா, வரலாறு எதற்கு என்று கேட்பார் உண்டு. முக்கூடற் பள்ளை எடுத்துக்கொள்வோம். அதன் சந்த நயத்தை வியந்து, நெல் வகை, மீன் வகை, மாட்டு வகைகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். மூத்த மனைவிக்கும் இளைய மனைவிக்கும் நடக்கும் ஏசலைக் கேட்டுச் சிரிக்கவும் சிரிக்கலாம். ஆனால் அந்நூலின் நடுவே, பண்ணைக்காரனின் ஆணையால் உழவனின் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்படுகின்றன. நெல்லின் பெயர்களையெல்லாம் அறிந்தவன், அந்நெல்லுக்கு உரிமையில்லாமல் மரத்தில் பூட்டுண்டு கிடக்கிறான். அன்றைய நில உரிமை, கோவில் பண்ணை, கட்டுண்ட உழைப்பு ஆகியவற்றை அறியாத மாணவன் அவ்விடத்தையும் நகைச்சுவை என்றே கடந்துபோவான். அறிந்தவனுக்கோ அங்கே சிரிப்பு நின்றுவிடும். வரலாறு மட்டும் படிப்பவனும் தவறுவான். அவனுக்கு அது வெறும் பாட்டு, சான்று ஆகாது. தென்னாட்டார் வரலாற்றுணர்வு இல்லாதவர்கள் என்னும் பழைய குற்றச்சாட்டை மறுத்து, நாராயண ராவ், சுல்மன், சஞ்சய் சுப்பிரமணியம் ஆகிய மூவரும் 2001இல் எழுதிய நூல், கதைப்பாடலுக்குள்ளும் காவியத்துக்குள்ளும் வரலாறு எழுதப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டியது. அதைக் கண்டுகொள்ள இலக்கியக் கண்ணும் வேண்டும், வரலாற்றுக் கண்ணும் வேண்டும். ஒரே மாணவரிடத்தில் இவ்விரண்டும் அமையவே சார்புப் பாடம் என்னும் ஏற்பாடு உதவ வேண்டும்.

ஒரு சொல்லையே எடுத்துக் காட்டலாம். அண்டிரிக் அடிகளார் இறைவனைத் ‘தம்பிரான்’ என்றார். நோபிலி ‘சருவேசுரன்’ என்றார். சீர்திருத்தச் சபையார் ஒரு காலத்தில் ‘பராபரன்’ என்றனர். இன்று நாம் ‘கடவுள்’ என்கிறோம். இச்சொற்கள் வெறும் மொழிபெயர்ப்பு வேறுபாடுகள் அல்ல. கடற்கரைப் பரதவரிடம் பேசியவர் எச்சொல்லை எடுத்தார், மதுரை நகரத்துக் கற்றோரிடம் வாதிட்டவர் எச்சொல்லை எடுத்தார் என்பதில் யாரை நோக்கி, யாரை விட்டுவிட்டு நற்செய்தி பேசப்பட்டது என்ற வரலாறே அடங்கியிருக்கிறது. அவ்வளவு தொலைவு போவானேன்? சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, சன்னலோரத்து மேசையில் கோப்பையை வைக்கும் ஒவ்வொரு வீட்டாரும் போர்த்துக்கீசியச் சொற்களைத்தானே பேசுகிறார்கள்! அக்காலம் நம் வீட்டுக்குள் இருக்கிறது. நம் பாடத்திட்டத்தில்தான் இல்லை.

மேடையில் பேசிய அன்பரின் கவலையை நான் எள்ளி நகையாடவில்லை. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் பெற்றோருக்கு வயிற்றுக் கவலை உண்மையானது. இலக்கியமும் தொடக்க நவீன காலமும் படித்தால் வேலை நிச்சயம் என்று நான் உறுதி கூற இயலாது. ஆனால் முதன்மைப் பாடத்துக்குத் தொடர்பில்லாமல், நாலைந்து தாள் கணினி படித்ததால் மட்டும் வேலை நிச்சயம் என்று அவர் உறுதி கூற இயலுமா? அப்பணிக்கு அதையே முதன்மையாகக் கற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அரைகுறையாகக் கற்ற ஒன்றைக்கொண்டு அவர்களோடு போட்டியிடச் சொல்வது எவ்வகை வழிகாட்டல்? மாறாக, பழைய ஆவணத்தைப் படித்துப் பொருள் காணவும், இரு சான்றுகள் முரண்படும்போது எதை நம்புவது என்று எடைபோடவும், கண்டதைத் தெளிவாக எழுதவும் பயின்றவர், ஆசிரியப் பணிக்கும் இதழியலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் நூலகத்துக்கும் ஆவணக்காப்பகத்துக்கும் தகுதி பெறுகிறார். அரசுப் பணித் தேர்வுகளிலும் வரலாறும் பண்பாடும் கேட்கப்படுகின்றன என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

இனி, நம் இல்லத்தாரை நோக்கியும் ஒரு சொல். கிறித்தவர் தமிழுக்கு ஆற்றிய தொண்டு என்ற தலைப்பில் நாம் விழா எடுக்காத ஆண்டு இல்லை. முதல் அச்சு நூல் நமது, முதல் அகராதி நமது என்று முழங்குகிறோம். ஆனால் தம்பிரான் வணக்கத்தின் அறியப்பட்ட ஒரே படி அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றது. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்ததைத் தனிநாயகம் அடிகள் கண்டெடுத்து, 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டார். அவர் பெயரை மேடையில் சொல்லிக் கைதட்டும் நாம், அவர் செய்த வேலையைச் செய்ய ஒரு மாணவரையாவது ஆயத்தம் செய்கிறோமா? அதற்குப் போர்த்துக்கீசியமோ இலத்தீனோ ஓரளவு தெரிய வேண்டும். ஓலையில் புள்ளி இராது என்பதும், எரியும் ஏரியும் ஒன்றுபோலவே எழுதப்பட்டிருக்கும் என்பதும் தெரிய வேண்டும். இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குப் பாடம் வேண்டும்.

இன்னும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நமக்குப் பெருமை தரும் பக்கங்களை மட்டும் படிப்பதற்காக இப்பாடத்தை நான் கேட்கவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைத் திறந்தால், 1745இல் புதுச்சேரிக் கோவிலுக்குள் சாதியின் பெயரால் மக்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றியும், அது இடிக்கப்பட்டபோது எழுந்த சச்சரவைப் பற்றியும் படிக்கலாம். 1748இல் வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டதைப் பற்றியும், அதில் சேசு சபைக் குருக்களுக்கு இருந்த பங்கைப் பற்றியும் அவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். இவற்றைப் படித்தால் நம் இளைஞரின் விசுவாசம் தளர்ந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். நான் அதற்கு நேர்மாறாக அஞ்சுகிறேன். நாம் கற்றுத் தராததை நம்மை வெறுப்பவர் கற்றுத் தருவர். அப்போது அந்த இளைஞருக்கு விடை கூறவும் தெரியாது, மன்னிப்புக் கேட்கவும் தெரியாது. சுவரை எழுப்பியவர்களும் இடித்தவர்களும் ஒரே கோவிலில் இருந்தார்கள் என்பதை மூலத்திலிருந்தே படித்தறிந்தவர், இன்றைய பங்கில் நிற்கும் கண்ணுக்குத் தெரியாத சுவர்களையும் இனங்காண்பார்.

நாம் செய்யக்கூடியவை அரியவை அல்ல. நம் கல்லூரிகளில் தமிழ், ஆங்கிலம், வரலாறு ஆகிய மூன்று துறையாரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தாலே இச்சார்புப் பாடத்தை வகுத்துவிடலாம். செம்பகனூரில் சேசு சபையின் ஆவணக்காப்பகம் இருக்கிறது. தஞ்சையில் சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. சென்னையில் ரோசா முத்தையா நூலகம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மாணவரை அங்கு அழைத்துச் செல்லலாம். பழைமையான பங்குகளில் கரையான் அரித்துக் கிடக்கும் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளை ஒழுங்குபடுத்தும் பணியை அவர்களுக்குச் செய்முறையாகவே தரலாம். “இப்பாடத்தை எடுக்க மாணவர் வருவதில்லை” என்பார்கள். வைக்காத பாடத்துக்கு மாணவர் எப்படி வருவர்? வந்து கேட்ட ஒருத்தியையும் நாம் சிரித்து அமரவைத்தோம்.

அந்த மாணவி எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்று அறியேன். இவ்விதழ் அவள் வீட்டுக்கு வருமாயின் அவளுக்கு நான் கூற விரும்புவது இதுதான்: மகளே, நீ கேட்டது சரியான கேள்வி. இலக்கியத்தை எடு. அதனோடு அந்த முந்நூறு ஆண்டுகளையும் எடு. உன் கல்லூரியில் அப்பாடம் இல்லையென்றால் முதல்வரிடம் எழுத்து மூலம் கேள். உன்னோடு கையெழுத்திட இன்னும் நால்வரைத் தேடு. அன்று சிரித்தவர்களுள் ஒருவனாகிய நானும் அந்தக் கடிதத்தில் கையெழுத்திடுவேன்.